ஒரே சீட்டு, இரண்டு சாம்பல்: ஒரு பிரெஞ்சு கிரே கலவையின் நிகழ்வு ஆய்வு

நடந்தது

வண்ணம் தீட்டிச் சேகரிக்கும் சின்னப் படைவீரர் பொம்மைகள்; 54 மில்லிமீட்டர் அளவு, உலோக வார்ப்பு. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 27-ஆவது லைட் கேவல்ரி, முதல் உலகப் போருக்கு முந்தைய அணிவகுப்பு உடையில், குதிரை மேல். இந்த ரெஜிமென்ட் 1903 வரை 2-ஆவது மெட்ராஸ் லான்ஸர்ஸ் என்ற பெயரில் இருந்தது. 1922-க்குப் பிறகு 16-ஆவது லைட் கேவல்ரி ஆகி, இன்றைக்கும் இந்திய ராணுவத்தில் டாங்கிப் படையாக இருக்கிறது. மெட்ராஸ் குதிரைப்படை வழியில் வந்த 26, 27, 28 மூன்றுக்கும் அணிவகுப்பு உடையின் நிறம் ஒன்றுதான்: பிரெஞ்சு கிரே, காலரிலும் கைப்பட்டியிலும் பஃப் என்ற வெளிர் மஞ்சள் பழுப்பு. பிரெஞ்சு கிரே என்பது நீலம் ஓடிய வெளிர் சாம்பல். பழைய படங்களில் ஒன்றில் வெள்ளியாகவும் இன்னொன்றில் மழை வானமாகவும் தெரியும். அதனால் எது சரியான பிரெஞ்சு கிரே என்ற சண்டைக்கு இங்கே நான் போகப்போவதில்லை. இங்கே கேள்வி சின்னது: முதல் தடவை கலக்கிய அதே நிறம் இரண்டாம் தடவை ஏன் வரவில்லை?

சொந்தக்காரர் திருச்சிக்காரர், வங்கியில் ஓய்வுபெற்றவர். கை சுத்தம், பொறுமை அதிகம், கணக்கு எழுதாமல் எதையும் செய்யமாட்டார். முதல் ஆறு வீரர்களை ஐப்பசி மழையில் முடித்தார், அடுத்த ஆறு பேரைச் சித்திரையில். இரண்டுக்கும் சீட்டு, அதாவது கலவைக் குறிப்பு, ஒன்றே. நோட்டில் இப்படி இருந்தது: "வெள்ளை 20, அல்ட்ராமரின் 4, கறுப்பு 1. துளிக் கணக்கு." அல்ட்ராமரின் என்பது ஒரு நீலம். ஆறையும் ஆறையும் சேர்த்து நிறுத்தினால் இரண்டு ரெஜிமென்ட் நின்றது.

"தம்பி, சீட்டை ஒரு எழுத்துகூட மாத்தலை" என்றார். உண்மைதான், மாற்றவில்லை. சீட்டில் எழுதாத விஷயங்கள்தான் மாறியிருந்தன.

முதலில் அவர் சந்தேகப்பட்டது தன் கண்ணை. இரண்டு தொகுதிக்கும் நடுவில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. புரை விழுந்த வில்லை மஞ்சளாகி நீலத்தைத் தடுக்கும். அதை எடுத்ததும் நீலம் பளிச்சென்று தெரியும் என்பது பலரும் சொல்கிற அனுபவம். கண்ணால் பார்த்துப் பார்த்துக் கலந்திருந்தால் அது பெரிய காரணமாக இருந்திருக்கும். ஆனால் இவர் துளி எண்ணிக் கலப்பவர். தவிர, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த வித்தியாசம் எனக்கும் தெரிந்தது, அவர் மகளுக்கும் தெரிந்தது. கண்ணை விட்டுவிட்டோம்.

வித்தியாசம் எப்படிப்பட்டது

"ஷேடு மாறிப்போச்சு" என்று சொன்னால் திருத்த வழியில்லை. எந்தப் பக்கம் மாறியது என்று சொல்ல வேண்டும். ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறை இதற்கு இன்றும் போதும். ஒரு நிறத்தை மூன்று கேள்வியாக உடைக்கலாம்: எந்த நிறம் (ஹியூ), எவ்வளவு வெளிச்சம் (வேல்யூ), எவ்வளவு செறிவு (குரோமா). மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால் குழப்பம் பாதி தீரும்.

வேல்யூவைப் பார்க்க எளிய வழி, போனில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக்குவது. நிறம் போய்விடும், வெளிச்சம் மட்டும் நிற்கும். அப்படிப் பார்த்ததில் இரண்டாம் தொகுதி தெளிவாக ஒரு படி இருண்டிருந்தது. ஹியூவுக்குப் போனை நம்ப முடியாது. வெண்சமநிலையை (வெள்ளை எது என்ற கணிப்பை) அது தானே மாற்றிக்கொள்ளும். அவர் முன்பே வாட்ஸாப்பில் அனுப்பிய படங்களில் ஒன்றில் முதல் தொகுதி பச்சையாகவும் இன்னொன்றில் இரண்டாம் தொகுதி பச்சையாகவும் இருந்தது. அதற்கு ஒரு சாம்பல் அட்டையில் இரண்டு சின்ன ஓட்டை போட்டோம். ஒரு ஓட்டையில் முதல் தொகுதி ஜாக்கெட், மற்றதில் இரண்டாவது. தலைப்பாகை, குதிரை, பஃப் காலர் எதுவும் கண்ணில் படாமல் இரண்டு துண்டு நிறம் மட்டும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால், இரண்டாவது பச்சைப் பக்கம் சாய்ந்திருந்தது.

இந்த ஓட்டை அட்டைக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. 1824-இல் பாரிஸில் கோபலின் திரைச்சீலைத் தொழிற்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவரான வேதியியலாளர் செவ்ரல், அங்கே கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது என்ற புகாரை விசாரித்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்திலிருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வேறாகக் காட்டின. நம் வழக்கிலும் அது கொஞ்சம் இருந்தது. இரண்டாம் தொகுதியின் பஃப் சற்று ஆரஞ்சாகியிருந்ததால், சாம்பல் உண்மையில் இருந்ததைவிட நீலமாகத் தெரிந்தது. அட்டை வைத்ததும் அந்த மிகை போய்விட்டது; பச்சைச் சாய்வும் இருட்டும் போகவில்லை.

அடிக்கட்டைக்குக் கீழே

அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. கலந்த நிறத்தை ஒவ்வொரு தடவையும் பொம்மையின் அடிக்கட்டைக்குக் கீழே ஒரு தீற்று தீற்றி வைப்பார். முதல் தொகுதியில் ஒரு வீரனைத் திருப்பினோம். கறுப்பு பிளாஸ்டிக்கில், கால் ரூபாய்க் காசு அளவுக்கு, கெட்டியாக இரண்டு மூன்று பூச்சு. கீழே இருக்கும் கறுப்பு எங்கும் தெரியவில்லை. பிரைமர் (அடிப்பூச்சு) இல்லை, வாஷ் (மடிப்புகளில் இறங்கி நிழல் காட்டும் நீர்த்த வண்ணம்) இல்லை, வார்னிஷ் (மேல் காப்புப் பூச்சு) இல்லை. அதாவது, கலவை மட்டும் எப்படி இருந்தது என்பதன் நேரடிச் சாட்சி. இரண்டாம் தொகுதியிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது.

இரண்டு தீற்றையும் ஓட்டை அட்டையில் பார்த்தபோது வழக்கு இரண்டாகப் பிரிந்தது. பச்சைச் சாய்வு அப்படியே இருந்தது. ஆகவே அது கலவையின் கோளாறு. இருட்டு இருந்தது, ஆனால் ஜாக்கெட்டில் பார்த்த அளவுக்கு இல்லை. ஆகவே அதில் ஒரு பங்கு கலவைக்குள்ளும், மறு பங்கு கலவைக்கு வெளியிலும். இந்தத் தீற்று இல்லாதிருந்தால் இந்த ஆய்வை எழுதியிருக்கவே முடியாது.

நீலம்

அல்ட்ராமரின் பாட்டில் நடுவில் தீர்ந்து புதிது வாங்கியிருந்தார். பழையது ஒரு கம்பெனி, புதியது வேறொன்று. பெயர் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் புதியதில் பெயருக்குப் பின்னால் "ஹியூ" என்று சின்ன எழுத்தில் இருந்தது; இங்கே அதற்கு அந்த நிறத்தின் சாயல் மட்டும் என்று பொருள். பின்பக்கம் பிக்மென்ட் (நிறமிப் பொடி) எது என்று சொல்லும் குறியீடு: பிபி 15:3, பிவி 23. பழைய பாட்டிலில் பிபி 29 மட்டும்.

பிபி 29 என்பதுதான் அல்ட்ராமரின். சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலம், சாயமேற்றும் வலு குறைவு. வெள்ளையில் நிறையக் கொட்டினாலும் மெதுவாகத்தான் நீலமாகும். பிபி 15:3 தாலோ நீலம். பச்சைப் பக்கம் சாய்ந்தது, வலு பயங்கரம். பிரஷ் நுனியில் தொட்டாலே ஒரு கிண்ண வெள்ளை நீலமாகிவிடும். அதோடு கொஞ்சம் ஊதாவைச் சேர்த்து அல்ட்ராமரின் மாதிரி தெரியவைத்திருக்கிறார்கள். பாட்டிலிலிருந்து நேராகப் பூசினால் மாதிரிதான் தெரியும். வெள்ளையில் கலந்ததும் உள்ளே இருப்பது வெளியே வரும். நாலு துளி அல்ட்ராமரினும் நாலு துளி தாலோ கலவையும் ஒன்றல்ல. நீலம் அதிகம், பச்சை அதிகம், இருட்டும் கொஞ்சம் அதிகம்.

சரி, கலக்கும்போதே இது தெரிந்திருக்க வேண்டாமா? அவர் கலந்தது ராத்திரி, ஹாலில், மஞ்சள் எல்இடி வெளிச்சத்தில். அந்த வெளிச்சத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் தெரிந்தன, நானே பார்த்தேன். புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போகிறவர்கள் இரண்டையும் கடை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் வைத்துப் பார்ப்பார்களே, அதே விஷயம்தான் இது. இரண்டு நிறங்கள் வேறு வேறு பிக்மென்ட்டால் ஆனவை என்றால், ஒரு வெளிச்சத்தில் பொருந்தி இன்னொன்றில் பிரிந்துவிடலாம். பிக்மென்ட் ஒன்றாகவே இருந்தால் எந்த வெளிச்சத்திலும் பிரியாது. நிறப் பொருத்தத்துக்கு இதைவிட உறுதியான காப்பு வேறில்லை.

இதனால்தான் பாட்டில் பெயரை நம்பிச் சீட்டு எழுதக்கூடாது என்கிறேன். பெயர் விற்பனைக்காக வைப்பது, எப்போது வேண்டுமானாலும் மாறும். 2012-இல் மினியேச்சர் பொம்மைகளும் வண்ணங்களும் விற்கும் பிரிட்டிஷ் நிறுவனமான கேம்ஸ் ஒர்க்‌ஷாப் தன் சிட்டடெல் வண்ணங்களை மொத்தமாக மாற்றியபோது கேயாஸ் பிளாக் அபாடன் பிளாக் ஆனது, டெவ்லன் மட் போய் அக்ராக்ஸ் எர்த்ஷேட் வந்தது. கறுப்பில் யாருக்கும் சிக்கலில்லை. பாதி முடித்த படைகளை வைத்திருந்தவர்கள் பழைய பழுப்பையும் சிவப்பையும் தேடி அலைந்தார்கள். பிக்மென்ட் குறியீடு அப்படி மாறாது; பிபி 29 எந்த நாட்டுப் பாட்டிலிலும் பிபி 29. மினியேச்சர் வண்ணங்களில் பலர் குறியீட்டை அச்சிடுவதில்லை என்பது இந்தத் துறையின் பெரிய குறை. ஓவியர்களுக்கான அக்ரிலிக் ட்யூப்களில் இருக்கும். இத்தாலியின் பெகாசோ வெளியிடும் கிமேரா மாதிரி ஒற்றைப் பிக்மென்ட் வரிசைகளும் உண்டு, விலைதான் கொஞ்சம் கடிக்கும். கலக்குவதே வேலை என்றால் அடிப்படை நிறங்களையாவது ஒற்றைப் பிக்மென்ட்டில் வாங்கிவிடுவது நல்லது. எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை.

ஒரு துளிக் கறுப்பு

இருட்டில் ஒரு பங்கை நீலம் விளக்கியது. ஆனால் பழைய பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த உண்மையான அல்ட்ராமரினை வைத்து அதே சீட்டில் கலந்தபோதும், ஒரு தடவைக்கு ஒரு தடவை வேல்யூ ஆடியது. காரணம் கறுப்பு. எனக்கு இந்த வழக்கில் ருசியான இடம் இதுதான்.

வெளிர் சாம்பலில் கறுப்பு இருபத்தைந்தில் ஒரு பங்கு, ஆனால் இருட்டு முழுக்க அதன் கையில். இப்போது சீட்டைப் பாருங்கள். வெள்ளை 20 துளி: ஒரு துளி பெருத்தால் இன்னொன்று சிறுக்கும், மொத்தத்தில் சமனாகிவிடும். கறுப்பு ஒரே துளி: அது பெருத்தால் பெருத்ததுதான், சமன் செய்ய ஆளில்லை. வலு குறைந்த பொருளை நிறைய எண்ணி, வலு மிகுந்த பொருளை ஒரே ஒரு துளியில் விடுகிறோம். தலைகீழ்.

துளி எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க, நகை எடை போடும் 0.01 கிராம் தராசு ஒன்றை வைத்து, ஒரே கறுப்புப் பாட்டிலிலிருந்து துளித்துளியாக விட்டோம். பாட்டிலை நேர்க்குத்தாகக் கவிழ்த்து மெதுவாக அமுக்கினால், மூக்கில் துளி கனத்து, கழுத்து மெலிந்து, முழுசாக விழுகிறது. சாய்த்துப் பிடித்தால் மூக்கின் ஓரத்தில் வழிந்து அதற்கு முன்பே சின்னதாக விழுந்துவிடுகிறது. உள்ளே காற்று இருந்தால் "புஸ்" என்று குமிழ் வெடித்து அரைத்துளி; அதையும் நாம் ஒன்று என்றுதான் எண்ணுகிறோம். மூக்கில் காய்ந்த பொருக்கு இருந்தால் வேறு கணக்கு. கெட்டியான வெள்ளையின் துளியும் நீர்த்த கறுப்பின் துளியும் ஒரே எடையாகவும் இல்லை. துளிகள் சுமார் 0.03-லிருந்து 0.05 கிராம் வரை போயின. அதாவது கறுப்பு எங்கே வேண்டுமானாலும் கால் பங்கு கூடலாம், கால் பங்கு குறையலாம். முதல் தொகுதிக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஒரு படி இருட்டு வர இது தாராளமாகப் போதும்.

தராசைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான பாக்கெட் தராசுகள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் சின்ன மாற்றத்தைத் தாங்களே பூஜ்யமாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் டேர் (பூஜ்யமாக்கும் பொத்தான்) அமுக்கிவிட்டு ஒரு துளியை மெதுவாக விட்டால் காட்டவே காட்டாது. டேர் அமுக்காமல், கிண்ணத்தின் எடையோடு சேர்த்து மொத்தமாகக் குறித்துக்கொண்டு போக வேண்டும். தராசை வாங்கிவிட்டு "இது சரியா காட்டலை" என்று அலமாரியில் போட்டவர்கள் பாதிப்பேருக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கறுப்புக்கு மருந்து எளிது: அதன் பல்லை முதலிலேயே பிடுங்கிவிட வேண்டும். 2 கிராம் கறுப்பு, 8 கிராம் வெள்ளை, நன்றாக அடித்து ஒரு தனிப் பாட்டில். இனி கறுப்பு பாட்டிலைத் தொடவே வேண்டாம், இந்தச் சாம்பல்தான் கறுப்பு. 10 கிராம் பிரெஞ்சு கிரேக்கு முன்பு 0.4 கிராம் கறுப்பு வேண்டியிருந்த இடத்தில் இப்போது 2 கிராம் சாம்பல். அரைத்துளி, 0.02 கிராம், தவறினால் முன்பு ஐந்து சதவீதப் பிழை. இப்போது ஒரு சதவீதம். தாலோ நீலம், தாலோ பச்சை, சில ஊதாக்கள் என வலு மிகுந்த எதற்கும் இதே வைத்தியம்.

வீட்டுப் பெயின்ட் கடையில் டிண்டிங் மிஷின் இருக்கிறதே, அது செய்வதும் இதற்குப் பக்கத்து வேலைதான். பெரிய டின்னில் வெள்ளை பேஸ், அதில் வலு தெரிந்த டிண்ட்டர்கள் (செறிந்த நிறச் சாந்துகள்) அளந்து ஊற்றப்படுகின்றன. அந்தக் கணக்குக்கு அடியில் இருப்பது 1931-இல் குபெல்கா, முங்க் இருவரும் தந்த சமன்பாடு: ஒவ்வொரு பிக்மென்ட்டும் எவ்வளவு வெளிச்சத்தை விழுங்குகிறது, எவ்வளவைச் சிதறடிக்கிறது என்று தெரிந்தால் கலவையின் நிறத்தை முன்கூட்டியே கணிக்கலாம். நம்மிடம் அந்தக் கருவி இல்லை. ஆனால் அப்படியும் டின்னுக்கு டின் ஷேடு மாறும் என்று பெயின்டர்களுக்குத் தெரியும். அதனால் ஒரு சுவருக்கு வேண்டிய டின்களை எல்லாம் ஒரே பக்கெட்டில் கொட்டிக் கலக்கிவிட்டுத்தான் ரோலரைத் தொடுகிறார்கள்.

கலவைக்கு வெளியே

ஜாக்கெட்டில் இருந்த மிச்ச இருட்டுக்கு வருவோம். முதல் தொகுதிக்கு வெள்ளை பிரைமர் அடித்திருந்தார். இரண்டாவதற்கு அது கிடைக்காமல் சாம்பல் பிரைமர். மினியேச்சர் வண்ணத்தைத் தண்ணீர் சேர்த்து மெல்லிய பூச்சாகப் போடுகிறோம், இல்லாவிட்டால் மடிப்பும் பொத்தானும் மூழ்கிவிடும். மெல்லிய பூச்சு என்றால் கீழே இருப்பது மேலே தெரியும். வெள்ளையின் மேல் இரண்டு பூச்சும் சாம்பலின் மேல் இரண்டு பூச்சும் ஒன்றாகாது. அடிக்கட்டைத் தீற்று கெட்டியாக இருந்ததால் தப்பித்தது. சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டையில் பாதி வெள்ளை, பாதி சாம்பல் பிரைமர் அடித்து ஒரே கலவையைப் பூசிப் பார்த்தோம். நாலாவது பூச்சு வரை நடுக்கோடு தெரிந்தது.

மற்றவை சின்னவை. சித்திரை வெயிலில் கிண்ணத்திலேயே வண்ணம் இறுகியதால் அவர் தண்ணீர் அதிகம் விட்டிருந்தார், பூச்சு இன்னும் மெல்லிசானது. வெட் பேலட்டில் (ஈரப் பஞ்சின் மேல் தாள் விரித்த கலவைத் தட்டில்) வைத்த கலவை தாளுக்கு அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி தானாகவே நீர்த்துப்போகும். ராத்திரி முழுக்க மூடி வைத்தால் காலையில் அது வேறு வண்ணம். மடிப்புக்குப் போட்ட வாஷ் இரண்டு தொகுதிக்கும் ஒன்றே, அதில் வித்தியாசம் இல்லை. வார்னிஷும் ஒன்றே.

வெள்ளைப் பாட்டிலைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளைக்குப் பயன்படும் டைட்டானியம் டையாக்சைடு கனமானது, தண்ணீரைப் போல நாலு மடங்கு. சும்மா வைத்தால் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் கவிழ்த்தால் முதலில் வருவது பால் மாதிரி நீர்த்த பிசின். 20 துளியில் எத்தனை வெள்ளை என்று யாருக்குத் தெரியும்? பாட்டிலுக்குள் குண்டு போட்டுக் குலுக்குவது வழக்கம். அதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது கண்ணாடிதான் போட வேண்டும். சைக்கிள் கடை பால்ரஸ் துருப்பிடித்து வெள்ளையைப் பழுப்பாக்கிவிடும்.

திருத்தியது

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, திருத்த வேண்டுமா என்பது. சண்டைக்களப் பொம்மைகளாக இருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். ஆறும் ஆறும் கலந்து நிறுத்திவிட்டால் வெவ்வேறு சமயத்தில் வெளுத்த துணி என்று கண் ஏற்றுக்கொள்ளும். உண்மைப் படையிலும் துணி எல்லாம் ஒரே மாதிரி வெளுத்திருக்காது. ஆனால் இவை அணிவகுப்பு உடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கப்போகிறவை. அங்கே அந்தச் சமாதானம் எடுபடாது. அவருக்கும் மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது, எதை நோக்கித் திருத்துவது என்பது. முதல் தொகுதியின் அடிக்கட்டைத் தீற்றுதான் இனி சட்டம் என்று முடிவு செய்தோம். அதற்குப் பொருந்தும்படி உண்மையான பிபி 29 ஒன்றை வாங்கி, எடைக் கணக்கில் கலக்க ஆரம்பித்தோம். கலந்ததைப் பூசி, ஹேர் டிரையரில் காயவைத்து, காய்ந்ததைத்தான் தீற்றோடு ஒப்பிட்டோம். ஈரத்தில் ஒப்பிடுவது வீண் வேலை. அக்ரிலிக் பிசின் ஈரத்தில் பால் வெள்ளை, காய்ந்தால் தெளிவு, அதனால் வண்ணம் காயும்போது இருளும். வெளிச்சத்துக்குக் காலை ஜன்னல், நேர் வெயில் படாத இடம். ராத்திரி வேலைக்கென்று பகல் வெளிச்சம் மாதிரி 6500 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் இருக்கும் ஒரு எல்இடி பல்பு வாங்கினார். இனி கலப்பதும் பார்ப்பதும் அதற்குக் கீழேதான்.

கடைசியில் நின்ற எடை, 10 கிராமுக்கு: வெள்ளை 6.4, முன்கலந்த சாம்பல் 2.0, அல்ட்ராமரின் 1.6. இந்த எண்கள் அவர் வைத்திருக்கும் பாட்டில்களுக்கு மட்டும்தான் செல்லும், யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு கம்பெனி வெள்ளையில் பிக்மென்ட் அளவு வேறு.

தண்ணீரைச் சீட்டில் சேர்க்கவில்லை. தாய்க் கலவை, அதாவது இந்த எடையில் கலந்து வைத்த அடிநிறம், கெட்டியாகவே பாட்டிலில் இருக்கும்; வேலைக்கு எடுக்கும்போது மட்டும் பேலட்டில் நீர்ப்பது. நீர்க்க பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் போதும். அவர் வீட்டு போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கிறது, அதை ஜாக்கெட்டில் பார்க்க விரும்பவில்லை.

ஹைலைட்டுக்கும் (வெளிச்சம் படும் மேடுகளின் வெளிர் நிறம்) நிழலுக்கும் அன்றைக்கே, அதே உட்காரலில் தனிப் பாட்டில்கள் கலந்தோம். தாய்க் கலவை 1 பங்கு, வெள்ளை 1 பங்கு என்றால் ஹைலைட். தாய்க் கலவையில் அல்ட்ராமரினும் முன்கலந்த சாம்பலும் சேர்த்தால் நிழல். இதைப் பலர் செய்வதில்லை. அடிநிறத்தைப் பத்திரமாகப் பாட்டிலில் வைத்துவிட்டு ஹைலைட்டை ஒவ்வொரு பொம்மைக்கும் பேலட்டில் கண்மதிப்பாகக் கலப்பார்கள். பொம்மையில் கண்ணுக்கு முதலில் படுவது ஹைலைட்தான். அது ஆடினால் அடிநிறம் நிலையாக இருந்து என்ன பயன்?

இரண்டாம் தொகுதியில் மேலே ஒரு மெல்லிய ஊதா கிளேஸ் (கீழே இருப்பது தெரியும் பூச்சு) போட்டுப் பச்சையைக் கொல்லலாம் என்று ஒரு யோசனை இருந்தது. ஒரு வீரனின் முதுகில் போட்டுப் பார்த்தோம். பச்சை போனது, ஆனால் இன்னும் இருண்டது. இருட்டுத்தான் பாதிச் சிக்கல் என்பதால் அது தீர்வில்லை. கடைசியில் மடிப்பின் ஆழத்தை விட்டுவிட்டு ஜாக்கெட்டின் மேற்பரப்பில் மட்டும் புதிய தாய்க் கலவையைப் பூசினோம். முதல் பூச்சுக்கு முன் வெளிர்வதற்காக வெள்ளை கலந்த ஒரு பூச்சு, அதன் மேல் தாய்க் கலவை, கீழே இருப்பது மறையும் வரை. ஆறு ஜாக்கெட்டுக்கும் சேர்த்து ஒரு வார மாலைகள் போயின. ஆரஞ்சான பஃப்பை அவரே பிறகு சரிசெய்துகொண்டார்.

ஓட்டை அட்டையில் இப்போது பார்த்தால், தெரிந்து தேடினால் ஒழிய வித்தியாசம் இல்லை. வார்னிஷுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை என்று இரண்டு முறை பார்த்தோம். மேட் வார்னிஷ் வெளிர் நிறத்தை அதிகம் தொடாது, ஆனால் நிழலைச் சற்று வெளுக்கவைக்கும். மின்னுகிற வார்னிஷ் ஆழப்படுத்தும். ஆகவே ஒரே வார்னிஷ் என்பதும் சீட்டில் ஏறியது.

புதிய சீட்டு

இப்போது அவர் நோட்டில் அந்த ஒரு வரி ஒரு பக்கம் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலின் பிக்மென்ட் குறியீடு, கம்பெனி, வாங்கிய மாதம். எடை, கிராமில். பிரைமர் எது. எத்தனை பூச்சு. வாஷ், வார்னிஷ். எந்த வெளிச்சத்தில் பார்த்தது. பக்கத்தின் ஓரத்தில் பிரைமர் அடித்த ஒரு பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருக்கிறது; அதில் நிழல், அடி, ஹைலைட் மூன்று கோடுகள், பாதி நீளத்துக்கு வார்னிஷ். கையால் தொட்டுத் தொட்டு அழுக்காகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறை.

இவ்வளவு தேவையா என்றால், எல்லாருக்கும் தேவையில்லை. ஒரே பொம்மை வரைந்து வைக்கிறவர் எப்படி வேண்டுமானாலும் கலக்கலாம், அதில்தான் சுகமே. படை வரைகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு: கடையில் கிடைக்கும் நிறத்துக்குக் கிட்டத்தில் உங்கள் அடிநிறம் இருந்தால் அதையே வாங்கிவிடுங்கள், கலக்காதீர்கள். இரண்டு பாட்டில் வாங்கி ஒன்றாகக் கொட்டிவிடுங்கள். பிரெஞ்சு கிரே மாதிரி நினைத்தது கிடைக்காத இடத்தில் மட்டும் தராசை எடுங்கள்.

வரிசையில் இன்னும் எக்காளக்காரனும் அதிகாரிகளும் பாக்கி. தாய்க் கலவை பாட்டிலில் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. முழுக்கத் தீர்ந்த பிறகு புதிது கலந்தால் ஒப்பிட ஈர வண்ணம் எதுவும் இருக்காது, பட்டை மட்டும்தான். அதனால் கால் பாட்டில் மிச்சம் இருக்கும்போதே அடுத்த 10 கிராமைக் கலந்து, பழையதையும் புதியதையும் ஒரே பிரைமர் அட்டையில் ஒட்டி ஒட்டிப் பூசி, காய்ந்ததும் கோடு தெரியாவிட்டால் மிச்சத்தைப் புதியதில் ஊற்றிவிடுவதாக ஏற்பாடு. தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது முன்கலந்த சாம்பல் பாட்டிலை. அதில் கனமான வெள்ளை அடியில் படிந்து கறுப்பு மேலே நின்றிருக்கும், குலுக்காமல் எடுத்திருப்பார்.